வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் என்பது யாருடைய அளவுகோல்?

கொழும்பில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையொன்றில் ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். மறதிக்காகப் பெற்றோரையோ மாமன் மாமியையோ ஸ்கேனுக்கு அழைத்து வருகிறவர்கள், படம் எடுத்து முடிந்து பிலிமுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், இப்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, இப்ப ஏஐ வந்திட்டுதாம், படத்தைப் பாத்த உடனே அல்சைமரோ இல்லையோ எண்டு சொல்லிடுமாம். இஞ்ச அது இல்லையோ?"

அடுத்த நோயாளி வெளியே காத்திருக்க, கதவடியில் நின்றபடி இதற்கு முழுமையான பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு அந்தப் பதிலைப் பெறும் உரிமை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மூளையை அளப்பதில் மிகச் சிறந்த கருவியாக வளர்ந்துவிட்டது என்பதும், அளந்ததை வைத்து ஒரு மனிதருக்குத் தீர்ப்பு எழுதும் வேலையில் அதன் சொல்லைக் கொழும்பில் அப்படியே ஏற்பதற்கு இன்னும் காலம் வரவில்லை என்பதும்தான் என் கருத்து. அது யாருடைய மூளைகளைப் பார்த்து, யார் எழுதிக் கொடுத்த நோய்ப் பெயர்களைக் கொண்டு கற்றது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றி. 1901ஆம் ஆண்டு பிராங்பேர்ட் மனநல வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஓகஸ்ட டீட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் தொடர்ந்து கவனித்து வந்தார். அந்தப் பெண் 1906இல் இறந்த பின்னரே அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க முடிந்தது. நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும், கலங்களுக்கு உள்ளே முறுக்கிய நார்களும் காணப்பட்டன. வெளியே இருப்பது அமிலோயிட், உள்ளே இருப்பது டௌ என்ற புரதம் என்பது பல தசாப்தங்கள் கழித்தே தெரிய வந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், நோய் உறுதியாக இருந்ததா என்பதை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தே சொல்லும் நிலை நீடித்தது. 2004இல் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில்தான், உயிருடன் இருக்கும் நோயாளியின் மூளையிலுள்ள அமிலோயிட் படிவை, கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் காண முடிந்தது.

நான் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அமிலோயிட்டும் தெரியாது, டௌவும் தெரியாது. இதைப் பலர் அறிவதில்லை. எம்.ஆர்.ஐ. காட்டுவது, அந்தப் புரதங்கள் நீண்ட காலம் செய்த சேதத்தின் வடிவத்தை. ஜெர்மனியின் பிராக் தம்பதியர் 1991இல் விளக்கியபடி, டௌ முறுக்குகள், நெற்றிப்பொட்டுக்கு நேரேயுள்ள மூளைப் பகுதியின் உட்புறத்தில், புறணி எனப்படும் மேற்படையின் ஒரு சிறு இடத்தில் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குச் சென்று, பின்னர் மற்றப் பகுதிகளுக்குப் பரவுகின்றன. புதிய நினைவுகளைப் பதிவதற்கு இன்றியமையாத உறுப்பு ஹிப்போகாம்பஸ். இடமும் வலமுமாக இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் முதியவர்களில் ஏறத்தாழ மூன்று கன சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும். காலையில் யார் வந்து போனார்கள் என்பது மறந்துவிட, ஐம்பது வருடத்துக்கு முந்திய பருத்தித்துறைக் கடற்கரை மட்டும் தெளிவாக நினைவிலிருப்பதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அல்சைமர் நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 4.66 சதவீதம் சுருங்குகிறது. அதே வயதொத்த நலமான முதியோரில் 1.41 சதவீதம் சுருங்குகிறது. நல்ல முப்பரிமாண எம்.ஆர்.ஐ. படம் ஒன்று, ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களால் ஆனது. மூவாயிரம் கனசதுரம் கொண்ட ஹிப்போகாம்பஸில் நோயாளி ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கனசதுரங்களை இழக்கிறார், நலமானவர் ஏறத்தாழ 42ஐ இழக்கிறார். நோய்க்கும் முதுமைக்கும் இடைப்பட்ட வேறுபாடு, ஒரு பக்கத்தில், ஏறத்தாழ நூறு கனசதுரங்கள், அவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது மனிதரால் இயலாத காரியம். நெதர்லாந்தின் ஷெல்ட்டன்ஸும் அவருடைய குழுவினரும் 1992இல் உருவாக்கிய அளவுகோலின்படி, கதிரியக்கவியல் நிபுணர்கள் இந்தப் பகுதியின் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை புள்ளியிடுகிறார்கள். பயனுள்ள முறைதான், ஆனால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் ஒரு மனிதரின் பல ஆண்டுகள் அடங்கிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவின் முதற் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது. மூளையின் பகுதிகளைத் தானாகப் பிரித்து அளக்கும் மென்பொருள்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் வளர்ந்த ஃப்ரீசர்ஃபர் அவற்றில் அதிகம் அறியப்பட்டது. ஒருவருடைய படத்தை முழுமையாக அலச அதற்குப் பல மணிநேரம் தேவைப்பட்டது. பெருந்தொகையான படங்களைப் பார்த்துத் தானே கற்கும் ஆழ்கற்றல் முறையில் பயிற்றப்பட்ட புதிய மென்பொருள்கள் அதே பிரிப்பு வேலையை நிமிடங்களில் முடிக்கின்றன. அதைவிட முக்கியமான முன்னேற்றம் சிந்த்செக் என்ற கருவி. கணினியே உருவாக்கிய பலவகைச் செயற்கைப் படங்களால் பயிற்றப்பட்டதால், எந்த வகை ஸ்கேன் வரிசையையும் (ஒரே அமைப்பில் ஒரு தடவையில் எடுக்கும் படத் தொகுதி), தடித்த துண்டுகளாக எடுக்கப்பட்ட படத்தையும்கூட அது ஏற்றுக்கொள்கிறது. ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே, அன்றாட வைத்தியசாலை வேலையில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஐந்து மில்லிமீற்றர் துண்டுகளாக எடுக்கப்படும் படங்கள்தான் உலகெங்கும் அதிகம். சுவீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தினர் இதையும் தாண்டி, சாதாரண சி.டி. ஸ்கேனிலிருந்தே மூளையின் கனவளவை ஆழ்கற்றல் மூலம் கணிக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. தொலைவில் இருந்து, சி.டி. அருகில் இருக்கும் ஊர்களுக்கு இது பெரிய செய்தி.

ஆனால் நூறு கனசதுரம் என்ற அந்த எண்ணை மறந்துவிடக் கூடாது. அது எவ்வளவு எளிதில் குழம்பும் என்பதை ஸ்கேன் அறைக்குள் நிற்பவர்கள்தான் நன்றாக அறிவோம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் படமெடுக்கும்போது தட்டும் ஓசை எழுப்பும். காதடைப்பான் வைத்தாலும் அது கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் மகளுடன் தங்கியிருந்த ஓர் அம்மாவை ஒருநாள் படுக்க வைத்து வரிசையைத் தொடங்கினேன். இயந்திரம் தட்டத் தொடங்கியதும், "ஆரது? வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டு அவர் எழும்ப முயன்றார். யாரோ படலையைத் தட்டுவதாக நினைத்திருக்கிறார். நிறுத்தி, ஆறுதல் சொல்லி, மகளை உள்ளே அழைத்துக் காலடியில் கதிரை போட்டு உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி தொடங்கினோம். ஒவ்வொரு வரிசையும் புதிதாகத் தட்டும்போது அவருடைய தலை சிறிது நிமிர்ந்தது. படம் கெடவில்லை, நிபுணர் வாசிக்கக்கூடிய படம்தான். ஆனால் விளிம்புகளில் மெல்லிய மங்கல் இருந்தது.

அந்த மங்கல் அளவைப் பாதிக்கும். நலமான தொண்டர்களை வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொல்லி எடுத்த படங்களை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, தலை அசைவு மூளைப் புறணியின் தடிப்பையும் சாம்பல் பொருளின் கனவளவையும் உண்மையில் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்று நிறுவியது. மறதியுள்ளவர்களே அதிகம் அசைகிறார்கள். ஆகவே அசைவால் வந்த போலிச் சுருக்கமும் நோயால் வந்த மெய்யான சுருக்கமும் ஒரே திசையில் சேர்ந்து நிற்கின்றன. நோயாளி, நலமானவர் என்று இரண்டு குவியல்களைக் கொடுத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால், கற்கும் இயந்திரம் ஹிப்போகாம்பஸைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மங்கலைப் பார்த்தே பாதித் தூரம் போய்விடலாம். கட்டிய பல்லின் உலோகம் முன்பக்கத்தில் ஏற்படுத்தும் நிழலும் அப்படித்தான். பல ஆண்டுகளாகக் கழற்றப்படாமல் இறுகிப்போன மூக்குத்தியோடு வரும் ஆச்சிமார் எங்கள் அறையில் சாதாரணம். தங்கத்தைக் காந்தம் இழுப்பதில்லை என்றாலும் அதில் கலந்திருப்பது என்ன உலோகம் என்று தெரியாததால் கழற்றத்தான் சொல்வோம். தேங்காயெண்ணெய் பூசி, மெல்லத் திருகி, அதற்கே கால் மணிநேரம் போய்விடும். எவ்வளவு முயன்றும் கழலாமல், நிபுணரின் அனுமதியோடு அப்படியே எடுக்க வேண்டிவந்தால், அதன் தடம் படத்தில் விழுகிறது. மேற்கு நாடுகளின் தரவுத் தொகுப்பில் இந்தத் தடம் எத்தனை படங்களில் இருந்திருக்கும்?

தரவுத் தொகுப்பு என்று சொன்னால் இந்தத் துறையில் முதலில் வருவது ஆட்னி. மைக்கல் வெய்னர் என்ற ஆய்வாளரின் தலைமையில் 2004இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், ஆயிரக்கணக்கான முதியவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, எம்.ஆர்.ஐ., பெட், குருதி, முள்ளந்தண்டுத் திரவம், நினைவுப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து, விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் திறந்து வைத்தது. இந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் அல்சைமருக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வு இன்றைய நிலையை எட்டியிருக்காது. சென்ற் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஓயேசிஸ் தொகுப்பும் அப்படியே: 18 முதல் 96 வயது வரையிலான 416 பேருடைய எம்.ஆர்.ஐ. படங்கள். நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். அதே நேரத்தில், ஆட்னியில் இணைந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையினத்தவர் என்பதையும், அவர்களுடைய கல்வி சராசரியாகப் பதினாறு ஆண்டுகளை ஒட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினாறு ஆண்டு என்றால் பல்கலைக்கழகப் பட்டம். திட்டத்தை நடத்துகிறவர்களே இக்குறையை ஏற்று, நான்காம் கட்டத்தில் இதுவரை விடுபட்ட சமூகங்களைச் சேர்ப்பதை முதன்மை நோக்கங்களில் ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் 2018இன் இறுதியில் வெளியிட்டது அது. மூளை குளுக்கோசை எவ்வாறு பயன்படுத்துகிறது என்று காட்டும் பெட் படங்கள், ஆட்னியிலிருந்து, 1002 பேருடையவை 2109. அவற்றில் பெரும்பகுதியைக் கொண்டு பயிற்றப்பட்ட வலையமைப்பு, தனியாக வைக்கப்பட்ட 40 பேருடைய படங்களில், பின்னாளில் அல்சைமர் என்று முடிவானவர்கள் ஒருவரையும் தவறவிடாமல் கண்டுபிடித்தது. அந்த முடிவுக்குச் சராசரியாக 75.8 மாதங்கள் முன்னரே. ஆறு ஆண்டுகளுக்கு மேல். இது உண்மையான சாதனை. ஆனால் செய்தித் தலைப்பில் ‘ஆறு ஆண்டு முன்னரே’ என்பது வந்ததே ஒழிய, நாற்பது பேர் என்பதும், நோயில்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்ன வீதம் 82 என்பதும் வரவில்லை.

அந்த 82ஐ ஊரின் நிலைமையில் வைத்துப் பார்க்க வேண்டும். றாகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் உட்பட அன்றாட வாழ்வைக் குலைக்கும் மறதி நோய், இருப்பதாகக் கண்டது. ஆயிரம் முதியவர்கள் என்றால் நாற்பது பேர். இவர்கள் எல்லோரையும் ஓர் இயந்திரத்தின் முன் நிறுத்துகிறோம் என்றும், அந்த 82ஐயும் மிஞ்சி, அது நோயாளிகளிலும் நலமானவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். நாற்பதில் 36 பேரை அது பிடித்துவிடும். மீதி 960 நலமானவர்களில் 96 பேருக்கும் நோய் என்று சொல்லிவிடும். நோய் என்று இயந்திரம் சொன்ன 132 பேரில் உண்மையான நோயாளி நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். மற்ற 96 குடும்பங்களின் நிலை என்ன? அம்மாவிடமிருந்து காசு விடயங்களைப் பறித்துக்கொள்வார்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள், காணி எழுதும் பேச்சு தொடங்கிவிடும். ஒன்றுமில்லாத ஒருவரை நோயாளியாக நடத்தத் தொடங்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அறிகுறி இல்லாதவர்களை வரிசையாக ஸ்கேன் செய்து இயந்திரத்திடம் தீர்ப்புக் கேட்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

ஆய்வுத் தாள்களில் வரும் பெரிய எண்களையும் உடனே நம்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து அல்சைமரை வகைப்படுத்தும் ஆழ்கற்றல் ஆய்வுகளை பாரிஸ் ஆய்வாளர்கள் 2020இல் திரட்டி ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் தரவுக் கசிவு நிகழ்ந்திருக்கக்கூடும் என்று கண்டார்கள். ஒருவருடைய மூளைப் படம் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக இருக்கும். ஒரே நபர் பலமுறை வந்தும் படமெடுத்திருப்பார். அந்தத் துண்டுகளைக் கலைத்துச் சில பயிற்சிக்கும் சில பரிசோதனைக்கும் என்று பிரித்தால், பரிசோதனையில் வரும் மூளை ஏற்கெனவே பார்த்த மூளைதான். அது நோயை அடையாளம் காண்பதில்லை, ஆளை அடையாளம் காண்கிறது. தொண்ணூற்றொன்பது சதவீதத் துல்லியம் என்று ஒரு தாள் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது ஆட்களைப் பிரித்தார்களா, துண்டுகளைப் பிரித்தார்களா என்பதை. இலங்கையிலும் தமிழகத்திலும் இறுதியாண்டுத் திட்டமாக இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மொழிக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு தமிழ் முதியவரின் நினைவாற்றலைப் பரிசோதிப்பது எளிதான காரியமல்ல. வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்க, மகனோ மருமகளோ தமிழில் சொல்ல, முதியவர் சொன்ன பதிலை அவர்கள் திருத்திச் சொல்ல, கடைசியில் தாளில் விழும் புள்ளி யாருடையது என்றே தெரியாமற் போகும். இன்றைக்கு என்ன திகதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், மணிக்கூடு ஒன்றை வரைந்து பதினொன்று பத்தைக் காட்டுங்கள் என்பவை பள்ளிக்கூடம் போனவர்களுக்கான கேள்விகள். மலையகத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு, முதுமையில் கொட்டாஞ்சேனையில் மகனுடைய வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பாட்டி வாழ்நாளில் பேனா பிடித்திருக்கவே மாட்டார். கனசதுரம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னால் அவர் திகைத்துப் போவது மறதியால் அல்ல. இதே பாட்டி பேரப்பிள்ளைகள் அனைவருடைய பிறந்த நட்சத்திரத்தையும் தடுமாறாமல் சொல்லுவார்.

ஆகவே மூளைப் படத்துக்கு மொழி தேவையில்லை, அது படித்தவர் படிக்காதவர் என்று பார்க்காது, இயந்திரம் நேரடியாக மூளையையே வாசிக்கும் என்று சொல்லப்படும்போது எனக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை எழுகிறது. தமிழ் பேசும் நோயாளிக்கு இது நீதியான வழி என்று தோன்றுகிறது. ஆனால் இயந்திரம் கற்ற விதத்தை உற்றுப் பார்த்தால் நம்பிக்கை பாதியாகிறது. பயிற்சிக்குக் கொடுத்த ஒவ்வொரு படத்தின் கீழும் ‘அல்சைமர்’ என்றோ ‘நலம்’ என்றோ ஒரு முத்திரை இருந்தது. அந்த முத்திரையை இட்டது எது? பெரும்பாலும் நினைவுப் பரிசோதனையும் வைத்தியரின் நேர்காணலும்தான். ஆங்கிலத்தில், பட்டதாரிகளுக்கு ஏற்ற கேள்விகளோடு. படத்தில் மொழி இல்லை, ஆனால் படத்தின் கீழுள்ள முத்திரை மொழியாலும் கல்வியாலும் ஆனது. நீண்ட கல்வி பெற்றவர்கள் மூளையில் அதிக சேதம் ஏற்படும்வரை பரிசோதனைகளைச் சமாளித்துவிடுகிறார்கள் என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. அமெரிக்காவின் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளைப் பின்தொடர்ந்த டேவிட் ஸ்னோடனின் ஆய்வில், 101 வயதில் இறந்த ஒரு சகோதரி கடைசிவரை நினைவுப் பரிசோதனைகளில் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தார். அவருடைய மூளையிலோ அமிலோயிட் படிவுகள் ஏராளமாக இருந்தன. பதினாறு ஆண்டுகள் படித்தவர்களின் மூளையில் எவ்வளவு சுருக்கம் எந்த அளவு மறதிக்கு ஒக்கும் என்று கற்ற இயந்திரம், பள்ளிக்கூடமே போகாத ஒருவருடைய மூளைக்கு அதே சமன்பாட்டை நீட்டினால் எந்தப் பக்கம் பிழைக்கும் என்று அங்கிருந்தபடி யாரும் சொல்ல முடியாது. இங்கே அளந்துதான் சொல்ல வேண்டும்.

இதே சிக்கல் வடிவத்திலும் உண்டு. மூளைப் படங்களை ஒப்பிடும்போது அனைத்தையும் ஒரு பொது மாதிரியின் மேல் பொருத்துவார்கள். உலகெங்கும் அதிகம் பயன்படுவது மொன்றியலில் 152 பேருடைய படங்களைச் சராசரியாக்கி உருவாக்கியது. ஹைதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் நூறு இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு மாதிரியைத் தயாரித்து 2019இல் அறிவித்தார்கள். இந்திய மூளை உயரத்திலும் அகலத்திலும் கனவளவிலும் மேற்கத்திய மாதிரியைவிடச் சராசரியில் சிறியது என்று அதில் தெரிந்தது. சிறிய மூளை என்பது குறைந்த அறிவைக் குறிக்காது. மண்டையோட்டின் அளவோடு சேர்ந்த இயல்பான வேறுபாடு அது. ஆனால் மண்டையோட்டுக்குள்ளான மொத்தக் கனவளவால் சரிசெய்யாமல் ஒப்பிட்டால், கொழும்பின் மெலிந்த உடல்வாகுள்ள மூதாட்டி, மொன்றியல் அளவுகோலில், நோயில்லாமலே சுருங்கியவராகத் தெரிவார். எங்கள் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வரி ஒன்று உண்டு: ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்.’ எழுபத்தைந்து வயது இலங்கையருக்கு ஏற்ற சுருக்கம் எவ்வளவு என்று எண்ணால் சொல்லும் அட்டவணை எங்கள் கையில் இல்லை. நிபுணர் தன் அனுபவத்தால் சொல்கிறார், அந்த அனுபவம் மதிப்புள்ளது. இயந்திரத்துக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று, எங்கள் முதியவர்களின் மூளையில் அல்சைமர் தனியாக இருப்பது குறைவு. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் பல ஆண்டுகள் இருந்தவர்களின் படத்தில், வெண்பொருளில் பஞ்சுபோன்ற வெள்ளைத் திட்டுகளும், தெரியாமலே வந்துபோன சிறு பக்கவாதங்களின் குழிகளும் இருக்கும். இவற்றைத் தனியே அளந்து காட்டும் வேலையையும் இயந்திரம் நன்றாகச் செய்கிறது. என் பார்வையில் இதுதான் கொழும்புக்கு உடனடியாக அதிகம் பயன்படும், ஏனென்றால் இந்தச் சேதம் மேலும் கூடாமல் தடுக்க மலிவான மாத்திரைகள் உண்டு. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட பதினான்கு ஆபத்துக் காரணிகளை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் உலக டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று அது மதிப்பிட்டது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொலஸ்திரோல் எல்லாம் அதில் அடக்கம்.

பெட் ஸ்கேன் எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய பெட் இயந்திரம் இருக்கிறது. அது புற்றுநோயாளிகளுக்கானது, அப்படியே இருக்க வேண்டும். அமிலோயிட்டைக் காட்டும் மருந்துகளில் பயன்படும் புளோரின்-18இன் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடங்கள் மட்டுமே. முதலில் வந்த கார்பன்-11 மருந்துக்கு வெறும் இருபது நிமிடம். தூரத்தில் தயாரித்து நிதானமாக அனுப்பக்கூடிய பொருளல்ல. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது குருதிப் பரிசோதனை. குருதியிலுள்ள டௌ 217 என்ற வடிவத்தையும் அமிலோயிட்டையும் ஒப்பிட்டு மூளையில் படிவு இருக்கிறதா என்று கணிக்கும் சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் அனுமதி கொடுத்தது. அது இங்கே கட்டுப்படியான விலையில் வரும் நாளில், எம்.ஆர்.ஐ. படத்தின் கீழ் நாம் இடும் முத்திரை நினைவுப் பரிசோதனையின் மொழியை விட்டு விலகி, உடலிலிருந்தே வரத் தொடங்கும். எங்கள் முதியவர்களுக்கான இயந்திரத்தை நேர்மையாகப் பயிற்றுவது அப்போதுதான் முழுமையாகச் சாத்தியமாகும்.

புதிய மருந்துகளும் இதை அவசரப்படுத்துகின்றன. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப், பதினெட்டு மாத ஆய்வில் நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. பதினெட்டுப் புள்ளி அளவுகோலில் வேறுபாடு 0.45 புள்ளி. குணமாக்கவில்லை. மூளையில் வீக்கமும் நுண்ணிய குருதிக் கசிவும் ஏற்படக்கூடும் என்பதால், மருந்து ஏற்றும் காலத்தில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். இப்படியொரு மருந்து இங்கே பரவலாக வந்தால், அந்தப் படங்களையெல்லாம் வாசிக்க எங்கள் கதிரியக்கவியல் நிபுணர்களால் தனியே முடியாது. சென்ற படத்துக்கும் இன்றைய படத்துக்கும் இடையில் புதிதாக என்ன வந்தது என்று இயந்திரம் குறித்துக் கொடுக்க, நிபுணர் சரிபார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒரே மனிதரை அவருடனேயே ஒப்பிடுவதுதான் இயந்திரத்தின் மிக நியாயமான பயன்பாடு என்று சொல்வேன். மண்டையோட்டின் அளவும் கல்வியும் இனமும் இரண்டு படத்திலும் ஒன்றுதான். மொன்றியலின் அளவுகோல் அங்கே தேவையில்லை. ஆனால் அதற்குப் பழைய படம் வேண்டும். இங்கே என் மனவருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மக்கள் பெரிய காகித உறையில் பிலிமைப் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள், அலுமாரிக்கு மேல் வைத்துப் பல ஆண்டுகள் காக்கிறார்கள். பிலிமிலிருந்து கனவளவை அளக்க முடியாது. அளக்கக்கூடியது அதனுடன் கொடுத்த சிடி இறுவட்டில் இருக்கிறது, அதைத்தான் தொலைத்துவிடுகிறார்கள். படமெடுத்த இடத்திற்குப் போய்க் கேட்டால், சேமிப்பில் இடமில்லாததால் அழித்துவிட்டோம் என்ற பதில் கிடைத்த குடும்பங்கள் உண்டு.

இந்தப் படங்களை ஆய்வுக்குச் சேர்ப்பதென்றால் தனியுரிமையையும் யோசிக்க வேண்டும். தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்கலாம். அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2019இல் செய்த சோதனையில், 84 தொண்டர்களில் 70 பேரை முகமறியும் மென்பொருள் அவர்களுடைய எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே சரியாக இனங்கண்டது. பெயரை அழித்தால் மட்டும் போதாது, முகப் பகுதியையும் நீக்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வகுத்திருக்கிறது. சம்மதம் கேட்கும் நேரமும் முக்கியம். நோய் முற்றிய பிறகு மகனிடம் கையெழுத்து வாங்குவதைவிட, முதல் ஸ்கேனுக்கு வரும் நாளில், விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கும் அம்மாவிடமே, அவருடைய மொழியில், நிதானமாகக் கேட்பதுதான் மரியாதை. தமிழில் எழுதப்பட்ட சம்மதப் படிவம் இல்லாத ஆய்வில் தமிழர்களின் மூளை எப்படி இடம்பெறும்?

பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் மூளை ஆய்வு மையம், ஸ்ரீனிவாசபுரப் பகுதியின் கிராமத்து மக்களை எம்.ஆர்.ஐ. உட்பட நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வை நடத்திக்கொண்டிருக்கிறது. எழுத்தறிவில்லாத விவசாயிகளின் மூளையும் அதில் அளக்கப்படுகிறது. அது முடியும் என்றால் கொழும்பிலும் முடியும். வேண்டியவை பெரிய இயந்திரங்களல்ல. மறதிக்காக வரும் ஒவ்வொருவருக்கும் வழக்கமான வரிசைகளோடு மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் ஒரு மில்லிமீற்றர் முப்பரிமாண டி1 வரிசை ஒன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்கு மேலதிகமாகச் சில நிமிடங்களே ஆகும். அதே அமைப்புகளை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். தலை எவ்வளவு அசைந்தது, மூக்குத்தி இருந்ததா, பல் கட்டியிருந்ததா என்பதை ரேடியோகிராபர் ஒரு வரியில் பதிய வேண்டும். நோயாளி எத்தனையாம் வகுப்பு வரை படித்தார், எந்த மொழியில் பரிசோதிக்கப்பட்டார் என்பதும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். என் வேலையிடத்தில் முதல் இரண்டையும் செய்து பார்க்கலாம் என்று பேச்சைத் தொடங்கியிருக்கிறேன்; நேர அட்டவணை நெருக்கம் என்பதே வரும் ஆட்சேபம், அது நியாயமான ஆட்சேபமும்கூட.

குடும்பங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்கேனுக்கு வரும் முன்னர் தைரொயிட், விற்றமின் பி12, காது, கண், மனச்சோர்வு ஆகியவற்றை வைத்தியரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அவற்றால் வரும் மறதி சரிசெய்யக்கூடியது. முன்னர் எடுத்த படம் ஏதாவது இருந்தால், விழுந்து தலையில் அடிபட்டபோது எடுத்த சி.டி. ஸ்கேனாக இருந்தாலும், அதன் இறுவட்டைத் தேடிக் கொண்டுவாருங்கள். புதிதாகக் கிடைக்கும் இறுவட்டை உடனே கணினியிலும் இன்னோர் இடத்திலும் கொப்பி பண்ணி, திகதியையும் எடுத்த இடத்தையும் எழுதி வையுங்கள். கைகொடுக்கும் உதவி தேவைப்பட்டால் மருதானையிலுள்ள லங்கா அல்சைமர் மன்றத்தை அணுகலாம். ஏஐ அறிக்கை என்று யாராவது ஒரு தாளைத் தந்தால், அந்த மென்பொருள் எந்த நாட்டு மக்களின் படங்களில் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள், அந்தத் தாளை உங்கள் நரம்பியல் நிபுணரிடம் காட்டாமல் வீட்டில் எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.